விழக் கற்றுத்தந்த விளையாட்டு

"விளையாட்டு வினையாகும்" என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. எங்கள் வீட்டில் இப்பழமொழி ஒலிக்காத வாரமே இல்லை எனலாம். சென்ற ஜூலைத் திங்களில் கோ-கோ ஆடும்போது நான் கால் இடறி விழுந்தேன். முழங்கால் சிராய்த்து இரத்தம் கசிந்தது. மாலையில் நொண்டியபடியே வீடு வந்து சேர்ந்த என்னைக் கண்ட ஆச்சி, "பத்தாங் கிளாஸ் படிக்கிற பொம்பளப் பிள்ளைக்கு ஓட்டமும் சாட்டமும் எதுக்கு? முகத்துல தழும்பு விழுந்தா யாரு பதில் சொல்லுவா?" என்று அப்பாவிடம் முறையிட்டார்கள். குறுவட்டப் போட்டியில் கலந்துகொள்ளப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டியிருந்தது. அப்பா அக்கடிதத்தை ஒருமுறை படித்தார்கள். "இந்த வருஷம் பொதுத் தேர்வு. பார்க்கலாம்" என்று கூறி அதை மேசைமேல் வைத்துவிட்டார்கள். "பார்க்கலாம்" என்றால் என்ன பொருள் என்பது பெண் பிள்ளைகளாகிய நமக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கீழே விழுவது அவ்வளவு பெரிய குற்றமா என்று எண்ணி எண்ணிப் பார்த்தேன். அப்போது, பசுமரத்தாணிபோல் என் நெஞ்சில் பதிந்துள்ள ஒரு காட்சி கண்முன் வந்தது. நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்த ஓர் அரங்கில், பெண்கள் விழுந்தும் எழுந்தும் விளையாடிய காட்சி அது. அதனை உங்களோடு பகிர்ந்துகொண்டு, அதிலிருந்து எனக்குத் தோன்றிய கருத்தையும் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன், தோழியரே!

என் தந்தையாரின் பணி காரணமாக 2013 முதல் 2021 வரை நாங்கள் அமெரிக்காவில், சிகாகோ நகரை அடுத்த ஓர் ஊரில் வாழ்ந்தோம். எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் ஒரு செவிலியர் இருந்தார். அவரை நான் "மாடி ஆன்ட்டி" என்று அழைப்பேன். இரவெல்லாம் மருத்துவமனையில் பணி செய்துவிட்டுக் காலையில் களைத்து வருவார். ஆனால் வாரத்தில் இரண்டு மாலைகளில் மட்டும் ஒரு பெரிய பையைத் தோளில் தூக்கிக்கொண்டு துள்ளிக்கொண்டு போவார். அப்பையிலிருந்து வீசிய வியர்வை நாற்றத்தை நான் இன்றும் மறக்கவில்லை. "அதில் என்ன இருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன். படியிலேயே உட்கார்ந்து பையைத் திறந்து காட்டினார். முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு சக்கரம் பூட்டிய காலணிகள், தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றுக்கான காப்புகள், பல்லில் கடித்துக்கொள்ளும் ரப்பர்க் காப்பு. போருக்குப் போகிறவர் பையைப் போல் இருந்தது அது! "நான் ரோலர் டெர்பி ஆடுகிறேன். வரும் சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் வாருங்கள்" என்று அழைத்தார்.

அது 2015 ஆம் ஆண்டு. எனக்கு அப்போது வயது 5. நாங்கள் மூவரும் போனோம். உள்ளரங்கம் ஒன்றில் வழுவழுப்பான தரைமீது நீள்வட்டமாகக் கோடு வரைந்திருந்தார்கள். கோட்டுக்கு அடியில் கயிறு வைத்து அதன்மேல் பட்டைநாடா ஒட்டியிருந்தார்கள். காலடியில் கயிறு தட்டுப்பட்டால், எல்லை வந்துவிட்டது என்று ஆடுபவருக்குப் பார்க்காமலே தெரிந்துவிடுமாம். கோட்டுக்கு அப்பால் சற்றுத் தள்ளித் தரையிலேயே சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாப்கார்ன் மணமும், இசையின் இரைச்சலும், தரையில் சக்கரங்கள் உருளும் ஓசையும் ஒன்றாய்க் கலந்து வந்தன. வீராங்கனைகளின் முதுகில் எண்ணும் ஒரு புனைபெயரும் எழுதியிருந்தன. அப்பெயர்களெல்லாம் வேடிக்கைப் பெயர்கள். மாடி ஆன்ட்டி தம் ஊசி மருந்துத் தொழிலையே கேலி செய்து ஒரு பெயர் சூட்டிக்கொண்டிருந்தார். அவ்விளையாட்டில் அதுவே மரபு.

ஆட்டத்தின் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வோர் அணியிலிருந்தும் 5 பேர் களத்தில் இறங்குவார்கள். அவர்களுள் ஒருவர் "ஜாமர்." அவருடைய தலைக்கவசத்தில் நட்சத்திரம் இருக்கும். மற்ற நால்வரும் தடுப்பவர்கள். இரு அணியின் தடுப்பாளர்களும் முன்னால் கூட்டமாக நிற்க, ஜாமர்கள் இருவரும் பின்னால் நிற்பார்கள். விசில் ஊதியதும் ஜாமர்கள் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியேற வேண்டும். முதல் சுற்றுக்குப் புள்ளி இல்லை. மறுபடி சுற்றி வந்து எதிரணியில் எத்தனை பேரைக் கடக்கிறாரோ அத்தனை புள்ளிகள். ஒரு சுற்றாட்டம் அதிகம் போனால் 2 நிமிடம். அவ்வாறு 30 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். தோளாலும் இடுப்பாலும் இடிக்கலாம். முழங்கையால் இடித்தாலோ, காலை இடறிவிட்டாலோ, முதுகில் தள்ளினாலோ, தலையில் மோதினாலோ தண்டனை உண்டு. தவறு செய்தவர் 30 விநாடி வெளியே நாற்காலியில் உட்கார வேண்டும். 7 முறை தண்டனை பெற்றால் அன்றைய ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை.

நம் ஊர்க் கபடியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பாடிப் போகிறவர் எதிரணியின் நடுவே தனியாகப் புகுந்து வருவதுபோல, ஜாமரும் தனியாகவே புகுந்து வர வேண்டும். அப்பா அன்று, "அட, இது சக்கரம் கட்டின கபடி!" என்றார்கள்.

ஆனால் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. முதல் மோதலில் ஒரு பெண் எங்களுக்கு மிக அருகில் உருண்டு வந்து விழுந்தார். அம்மா என்னை வாரி மடியில் வைத்துக்கொண்டு, "பொண்ணுங்க இப்படியா இடிச்சிட்டு விளையாடுவாங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானோ விழுந்த அந்தப் பெண்ணையே பார்த்தேன். அவர் அழவில்லை. நான் மூன்று எண்ணுவதற்குள் எழுந்து மீண்டும் கூட்டத்துக்குள் போய்விட்டார். எனக்கு அது மாயமாகவே தோன்றியது.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் வரிசையாக உருண்டு வந்து ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பிறகு கோட்டோரம் நின்ற எங்களைப் போன்ற சிறுவர் சிறுமியரின் கைகளையும் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார்கள். சற்றுமுன் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளியவர்கள் இவர்கள்தாமா என்று வியந்தேன். அன்று முதல் ஆட்டம் நடக்கும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வேன். அம்மாவும் முணுமுணுத்தபடியே உடன் வருவார்கள்.

இவ்விளையாட்டின் வரலாற்றை வளர்ந்தபின் படித்தறிந்தேன். அது பிறந்ததும் சிகாகோவிலேதான். 1935 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13 ஆம் நாள், சிகாகோ கொலிசியம் என்ற அரங்கில் லியோ செல்ட்சர் என்பவர் இதனைத் தொடங்கினார். அப்போது இதில் மோதலே கிடையாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாகச் சேர்ந்து, மாறி மாறி, நாட்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறத்தாழ 3,000 மைல் தொலைவுக்குச் சமமான சுற்றுகள்! பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்க மக்கள் வேலையின்றித் தவித்த காலம் அது. எதிர்பாராமல் நேர்ந்த மோதல்களையே மக்கள் ஆரவாரத்துடன் இரசித்ததைக் கண்டு, டேமன் ரன்யன் என்ற எழுத்தாளர், மோதலையே விதியாக்கலாம் என்று யோசனை கூறினாராம். அவ்வாறே 1930-களின் பிற்பகுதியில் ஆட்டம் மாறியது.

இதில் ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. அந்தக் காலத்திலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே விதிதான். ஒரு பகுதி ஆண்கள் ஆடுவார்கள்; அடுத்த பகுதி பெண்கள் ஆடுவார்கள்; இருவர் எடுத்த புள்ளிகளையும் கூட்டியே வெற்றி தோல்வி. பெண்ணின் புள்ளிக்கு மதிப்புக் குறைவு என்பதில்லை. ஜோனி வெஸ்டன் போன்ற வீராங்கனைகளைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டனர். தொலைக்காட்சி வந்தபின் அதன் புகழ் நாடெங்கும் பரவியது.

ஆனால் புகழோடு ஒரு நோயும் வந்தது. கூட்டத்தைக் கவர்வதற்காகச் சண்டைகளும் வேடங்களும் பெருகின. இது விளையாட்டா, நாடகமா என்று மக்கள் ஐயப்பட்டனர். செலவும் கட்டுப்படியாகாமல், 1973 ஆம் ஆண்டு செல்ட்சர் குடும்பத்தார் அதனை மூடிவிட்டனர். பிறகு 2001 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் பெண்கள் சிலர் ஒன்றுகூடி அதற்குப் புத்துயிர் கொடுத்தனர். முதலாளி வேண்டாம், நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று அவர்களே அணி அமைத்தார்கள். சரிவான மேடை கட்டுவதற்குப் பணம் மிகுதியாக வேண்டும். ஆகவே சமதரையில் கோடு போட்டு ஆடும் முறை பரவியது. 2004-இல் பல ஊர் அணிகள் இணைந்து ஒரு சங்கம் கண்டன. இப்போது "மகளிர் தட்டைத்தள ரோலர் டெர்பி சங்கம்" என வழங்குவது அதுவே. 2011-இல் கனடாவின் டொராண்டோ நகரில் முதல் உலகக் கோப்பை நடந்தபோது 13 நாட்டு அணிகள் வந்தன.

நான் கண்டது இந்தப் புதிய ஆட்டத்தைத்தான். இதில் முன்கூட்டியே பேசி வைத்த வெற்றி இல்லை. செவிலியர், ஆசிரியை, கடைப் பணியாளர் என்று நாள்தோறும் வேலைக்குப் போகும் பெண்கள், தங்கள் கைப்பணத்தைப் போட்டு ஆடினார்கள். நடுவர்கள் 7 பேர் வரை இருப்பார்கள். தண்டனை பெற்றவர் வாதாடுவதில்லை; தாமே போய் நாற்காலியில் அமர்வார். அணித் தலைவியும் துணைத் தலைவியும் மட்டுமே நடுவரிடம் கேள்வி கேட்கலாம். இவ்வளவு முரட்டு ஆட்டத்தில் இவ்வளவு ஒழுங்கா என்று இப்போது வியக்கிறேன்.

2017 ஆம் ஆண்டு நடந்த ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். ஆட்டத்தின் நடுவே மாடி ஆன்ட்டி ஓர் இடியில் நிலைதடுமாறி விழுந்தார். இடித்த பெண்மேல் தவறில்லை, விதிப்படியே இடித்தார். விழுந்த வேகத்தில் ஆன்ட்டியின் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர் எழவில்லை. நான் மூன்று எண்ணினேன், பத்து எண்ணினேன், எழவில்லை. விசில் ஒலித்தது. இசை நின்றது. களத்தில் இருந்த எல்லோரும், எதிரணியினரும்கூட, அப்படியே ஒரு முழங்காலை ஊன்றித் தரையில் அமர்ந்துவிட்டார்கள். அத்தனை பெரிய அரங்கில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி.

"அம்மா, அவங்க ஜெபம் பண்றாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியல. நாம பண்ணுவோம்" என்றார்கள் அம்மா. அவர்கள் கை நடுங்கியது.

உண்மையில் அது ஜெபம் அன்று. ஒருவர் காயமுற்றால் எல்லோரும் மண்டியிட்டுக் காத்திருப்பது அவ்விளையாட்டின் வழக்கம். ஆன்ட்டியைத் தூக்கிச் சென்றபோது, இடித்த அந்த எதிரணிப் பெண் கூடவே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆன்ட்டி சிரிக்க முயன்றார். நான் ஓவென்று அழுதேன். இனி அங்கே போகவே கூடாது என்று வீட்டில் அடம்பிடித்தேன்.

அடுத்த ஆட்டத்துக்கு என்னை வற்புறுத்தி அழைத்துச் சென்றது யார் தெரியுமா? என் அம்மா! அங்கே ஆன்ட்டி காலில் கட்டுடன், பக்கத்தில் ஊன்றுகோல் சாய்த்து வைத்து, புள்ளிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அன்று அவர்களுக்கு ஆள் போதவில்லை. தண்டனை நாற்காலியின் அருகே நின்று 30 விநாடி நேரம் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும் என்றார்கள். அம்மா சற்றுத் தயங்கிவிட்டு எழுந்து போனார்கள். சுடிதாரும் கம்பளிச் சட்டையும் அணிந்து, கையில் கடிகாரத்துடன், தம்மைவிட ஒரு முழம் உயரமான வீராங்கனைகளிடம் "உட்காருங்கள்! எழுந்திருங்கள்!" என்று என் அம்மா உத்தரவிட்ட அழகை நான் எப்படி மறப்பேன்!

திரும்பி வரும்போது காரில் அம்மா ஒன்று சொன்னார்கள். எட்டாம் வகுப்புவரை 100 மீட்டர் ஓட்டத்தில் அம்மாதான் முதலாவதாம். அதன்பிறகு வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். "ஏன் நிறுத்தினாங்க?" என்று கேட்டேன். "விழுந்துருவேன்னு" என்றார்கள். ஏழு வயதில் எனக்கு அந்தப் பதிலின் பொருள் விளங்கவில்லை.

கால் குணமானபின் ஆன்ட்டி எனக்குச் சக்கரக் காலணி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் உருளவே விடவில்லை, விழத்தான் கற்றுக்கொடுத்தார்! பின்பக்கம் சாய்ந்து விழாதே, முழங்கால் காப்பின்மேல் முன்னால் விழு. கை கால்களைப் பரப்பாமல் உடம்பைச் சுருக்கிக்கொள், அப்போதுதான் பிறர் உன்மேல் தடுக்கி விழமாட்டார்கள். விரல்களை மடக்கிக்கொள், இல்லையேல் மற்றவர் சக்கரம் ஏறிவிடும். மூன்று விநாடிக்குள் எழு. இவை நான்கும் பாடம். வண்டி நிறுத்துமிடத்தில் அன்று மாலை முழுவதும் நான் விழுந்துகொண்டே இருந்தேன். பத்தாவது முறைக்கு மேல் பயம் போய்விட்டது. இருபதாவது முறைக்கு மேல் சிரிப்பு வந்துவிட்டது.

2019-இன் கடைசியில் நான் பார்த்ததே இறுதி ஆட்டம். 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவி ஆட்டங்களெல்லாம் நின்றன. 2021-இல் நாங்கள் ஊர் திரும்பினோம்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். பெண்கள் விழக்கூடாது என்று நம் பெரியோர் சொல்வது அன்பினால்தான். அதில் எனக்கு ஐயமில்லை. காயம் உண்மை, வலி உண்மை. கணுக்கால் முறிந்ததை என் கண்ணாலேயே கண்டவள் நான். அவ்விளையாட்டில் எல்லாமே நன்று என்றும் சொல்லமாட்டேன். சில புனைபெயர்களை அறிவிப்பாளர் வாசிக்கும்போது அம்மா என் காதைப் பொத்துவார்கள். நாம் எல்லோரும் சக்கரம் கட்டிக்கொண்டு இடித்து விளையாட வேண்டும் என்பதும் என் வாதமன்று.

ஆனால் விழாமல் காப்பது ஒரு பாதுகாப்பு. விழுந்தால் எழத் தெரிந்திருப்பது அதைவிடப் பெரிய பாதுகாப்பு. முதலாவதைப் பெற்றோர் எத்தனை நாள் கொடுக்க முடியும்? விடுதிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் அவர்கள் கூடவே வர முடியுமா? இரண்டாவதை நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதனை மைதானத்தில் கற்பதுபோல வேறெங்கும் எளிதாகக் கற்க முடியாது. அங்கே விழுந்தால் முழங்கால்தான் சிராய்க்கும். தேர்வில் ஒருமுறை மதிப்பெண் குறைந்ததற்கே உலகம் முடிந்துவிட்டதாக எண்ணும் மாணவியரை நாம் அறிவோம். விழுந்தே பழகாதவர்களுக்கு முதல் வீழ்ச்சியே பேரிடியாகத் தோன்றுகிறது.

இன்னொன்று. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பல பள்ளிகளில் உடற்கல்வி வகுப்பு கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓடி ஆடினால் தேர்வு கெட்டுவிடுமா? இரவுப் பணி செய்த செவிலியருக்கே வாரத்தில் இரண்டு மாலைகள் கிடைத்தன. நமக்கு ஏன் கிடைக்காது? கபடி நம் மண்ணின் ஆட்டம். அதுவும் இடித்துப் பிடித்து ஆடும் ஆட்டமே. 2010-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, தங்கம் வென்றது இந்தியப் பெண்கள் அணிதான். அவர்கள் எத்தனை முறை மண்ணில் விழுந்திருப்பார்கள்!

அந்தச் சம்மதக் கடிதம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூன்று நாள் அது மேசைமேலேயே கிடந்தது. நான்காம் நாள் காலையில் பார்த்தேன். அம்மாவின் கையெழுத்து இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மதிப்பெண் குறையக்கூடாது என்று மட்டும் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்கள். குறுவட்டப் போட்டியில் எங்கள் அணி இரண்டாம் ஆட்டத்தில் தோற்றது. நான் இருமுறை விழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி, "விழுந்தியாமே?" என்று கேட்டார்கள்.

"ஆமா ஆச்சி, எந்திச்சுட்டேன்" என்றேன்.

ஆச்சி ஒன்றும் பேசாமல் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் முழங்காலில் தடவிவிட்டார்கள். அவர்கள் மனம் முழுவதும் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று அந்தப் பழமொழியை அவர்கள் சொல்லவில்லை.

அன்புத் தோழியரே! விளையாட்டு சில சமயம் வினையாகலாம். விளையாடாதிருப்பதும் வினையே என்பதை நாம் நம் பெரியோருக்குப் பணிவோடு எடுத்துச் சொல்வோம். விழுவோம், விரல்களை மடக்கிக்கொண்டு விழுவோம், மூன்று எண்ணுவதற்குள் எழுவோம்!

— பத்தாம் வகுப்பு "ஆ" பிரிவு மாணவி